நரம்பு நோய்க்கான கேள்வித்தாளை சரியா நிரப்பறது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

அப்பாவுக்கு பார்க்கின்சன், கை நடுங்கி அசைவெல்லாம் மெதுவாகற நரம்பு நோய். முதல் தடவை அந்த ஃபார்ம குடுத்தப்போ வெயிட்டிங் ஹால்ல அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், 39 கேள்வி, பேனா கைல நடுங்கிட்டே இருக்கு, சட்டை பட்டன் போடறதுலயோ ஷூ லேஸ் கட்டறதுலயோ சிரமம் இருந்துச்சான்னு ஒரு கேள்வி வருது, அப்பா யோசிக்கவே இல்ல, "ஒருபோதும் இல்லை"ல டிக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். அன்னைக்குக் காலைல அந்த சட்டைக்கு பட்டன் போட்டுவிட்டதே நான்தான். ஏன்ப்பா இப்படிப் போட்டீங்கன்னு கேட்டா, "நான் எங்கடா சிரமப்பட்டேன், நீதானே போட்டுவிட்ட"ன்னார். அவர் பொய் சொல்லல. கேள்விய அவர் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டார்.

அந்த ஃபார்ம் டாக்டர் கைக்குப் போச்சு, கை வேலை பத்தின பகுதி சுத்தமா இருந்துச்சு, அதப் பத்தி ஒரு வார்த்தை பேச்சு வரல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது, நாங்களே எங்க கையால ஒரு உண்மைய மறைச்சு அனுப்பியிருக்கோம்னு. அதுக்கப்புறம் இந்தக் கேள்வித்தாள்லாம் எப்படி உருவாச்சு, எப்படி நிரப்பணும், ஸ்கோர் எப்படிப் போடறாங்கன்னு ஒண்ணொண்ணா தேடிப் படிச்சேன். நான் டாக்டர் இல்ல, வீட்ல பார்த்துக்கற ஆளு. ஆனா இத ஒழுங்கா நிரப்பக் கத்துக்கிட்டதால அப்பாவோட சிகிச்சை மாறுச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

இந்த ஃபார்ம் எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க

நியூராலஜிஸ்ட், அதாவது நரம்பு டாக்டர், விரலைத் தட்டச் சொல்வார், கைய நீட்டச் சொல்வார், எழுந்து நடக்கச் சொல்வார். எல்லாம் சரி, ஆனா அது அன்னைக்கு அந்த சில நிமிஷம் மட்டும்தான். ராத்திரி படுக்கைல திரும்பிப் படுக்க முடியாம தவிக்கறது, நாலு பேர் கூடி இருக்கற இடத்துல குரல் எழும்பாம ஒதுங்கி உக்காந்துடறது, மத்தியானம் ஆனா மூளை மேல போர்வை போட்ட மாதிரி ஆகிடறது, இதெல்லாம் ஸ்கேன்லயும் தெரியாது, சுத்தியலால முட்டியத் தட்டினாலும் தெரியாது. அனுபவிக்கற ஆள் வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ எடுத்துக்கங்க, உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளத் தாக்கற நோய் அது. அதுக்கு டாக்டருங்க காலங்காலமா பயன்படுத்தற அளவுகோல் ஈ.டி.எஸ்.எஸ், கர்ட்ஸ்கேங்கற நியூராலஜிஸ்ட் 1983ல இப்ப இருக்கற வடிவத்துக்குக் கொண்டு வந்தது, 0ல இருந்து 10 வரைக்கும். அதுல 4ஐத் தாண்டினா பெரும்பாலும் எவ்வளவு தூரம் நடக்கறீங்கங்கறதுதான் ஸ்கோர முடிவு பண்ணுது. அப்போ நடை நல்லா இருந்து சோர்வால வேலையவே விட்டவங்களோட நிலைமை அதுல எங்க வரும்? இந்த மாதிரி விட்டுப்போறத பிடிக்கறதுக்குத்தான் 2001ல எம்.எஸ்.ஐ.எஸ்-29 வந்துச்சு, 29 கேள்வி, அதுல 20 உடம்பப் பத்தி, 9 மனசப் பத்தி. அந்தக் கேள்விகள ரூமுக்குள்ள உக்காந்து டாக்டருங்க மட்டும் யோசிச்சு எழுதல, 30 நோயாளிகளப் பேட்டி எடுத்து அவங்க சொன்னதுல இருந்தும் எடுத்தாங்க. அதனாலதான் "நீங்க செய்யணும்னு நினைக்கறத உங்க உடம்பு செய்யாம இருக்கறது"ன்னு ஒரு வரி அதுல இருக்கு, நோய அனுபவிக்காதவங்களுக்கு அந்த வரி தோணாது. பார்க்கின்சனுக்கான பி.டி.கியூ-39ம், அதாவது அப்பா நிரப்பின அந்த 39 கேள்வி ஃபார்மும், 1995ல அதே மாதிரி நோயாளிகள்கிட்ட நீளமா பேசி உருவாக்கினதுதான்.

படி 1: உங்க கைல இருக்கறது எந்த ஃபார்ம்னு பாருங்க

தலைப்பப் படிக்காம நேரா டிக் போட ஆரம்பிக்கறவங்கதான் நிறைய. மேல என்ன பேர் இருக்கு, எத்தன கேள்வி, இது எத அளக்குதுன்னு அரை நிமிஷம் பாருங்க. எல்லா ஃபார்மும் ஒண்ணு இல்ல.

மைக்ரேனுக்கு, அதாவது ஒத்தைத் தலைவலிக்கு, ரெண்டு ரொம்ப புழக்கத்துல இருக்கு. ஹிட்-6ல ஆறே கேள்வி, தலைவலி உங்க வேலையையும் மனசையும் எவ்வளவு பாதிக்குதுன்னு கேக்கும். மைடாஸ்ல அஞ்சு கேள்வி, ஆனா பதில் வார்த்தை இல்ல, நாள் கணக்கு. வலிப்பு நோய்க்கு கியூ.ஓ.எல்.ஐ.ஈ-31, அதுல வலிப்பு வந்துடுமோங்கற பயம், மாத்திரையோட பக்க விளைவு, ஞாபக சக்தி, வெளில பழகறதுன்னு ஏழு பகுதி. பக்கவாதத்துக்கு ஸ்ட்ரோக் இம்பாக்ட் ஸ்கேல், மூணாவது பதிப்புல 59 கேள்வி, கடைசில நீங்க எவ்வளவு குணமாகியிருக்கறதா நினைக்கறீங்கன்னு 0ல இருந்து 100 வரைக்கும் ஒரு கோட்டுல குறிக்கச் சொல்லும். தசை சீக்கிரமே சோர்ந்துபோற மயஸ்தீனியாவுக்கு எம்.ஜி-ஏ.டி.எல், எட்டே கேள்வி, பேச்சு, மெல்லறது, முழுங்கறது, மூச்சு, பல் தேய்க்கறதும் தலை வாரறதும், நாற்காலில இருந்து எழறது, ரெட்டையா தெரியறது, இமை தொங்கறது. தலைசுத்தலுக்கு டி.எச்.ஐ, 25 கேள்வி.

இது போக நோய் எதுவா இருந்தாலும் குடுக்கற பொது ஃபார்ம் சிலது உண்டு, மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ-9, பகல் தூக்கத்துக்கு எப்வொர்த், சோர்வுக்கு எஃப்.எஸ்.எஸ், அப்புறம் பல நரம்பு நோய்க்கும் சேத்து உருவாக்கின நியூரோ-கியூ.ஓ.எல். ரெண்டு மூணு ஃபார்ம் சேத்துக் குடுத்தா ஒரே கேள்விய திரும்பத் திரும்ப கேக்கறாங்களேன்னு கோவம் வரும், எனக்கும் வந்துச்சு, ஆனா ஒவ்வொண்ணும் அளக்கறது வேற.

ஒரு முக்கியமான விஷயம், வேற மொழில இருக்கற ஃபார்ம நீங்களே மொழிபெயர்த்து அப்பா அம்மாகிட்ட கேக்காதீங்க. முறையா மொழிபெயர்க்கறவங்க முதல்ல மொழிமாத்தி, அத வேற ஒருத்தரவிட்டு மூல மொழிக்கே திருப்பி எழுத வெச்சு ஒப்பிட்டுப் பார்த்து, அப்புறம் நோயாளிகள்கிட்ட குடுத்து சரியா புரியுதான்னு சோதிச்சுத்தான் வெளியிடறாங்க. "சில சமயம்"கும் "எப்பவாவது"கும் நடுவுல இருக்கற இடைவெளி உங்க வாய்ல மாறிடுச்சுன்னா ஸ்கோரும் மாறிடும். தமிழ்ல சோதிச்ச பதிப்பு இருக்கான்னு க்ளினிக்ல கேளுங்க, அவங்ககிட்ட இல்லைன்னா அவங்களவிட்டே தேடச் சொல்லுங்க.

படி 2: காலத்த வட்டம் போடுங்க

இத மட்டும் செஞ்சாலே பாதி தப்பு போயிடும். ஒவ்வொரு ஃபார்மும் ஒரு குறிப்பிட்ட காலத்தப் பத்திதான் கேக்குது, அது மேல சின்ன எழுத்துல இருக்கும், யாரும் படிக்கறதில்ல. பி.டி.கியூ-39 கேக்கறது போன ஒரு மாசம். எம்.எஸ்.ஐ.எஸ்-29, பி.எச்.கியூ-9 ரெண்டும் போன ரெண்டு வாரம். கியூ.ஓ.எல்.ஐ.ஈ-31 நாலு வாரம். எஃப்.எஸ்.எஸ் ஒரு வாரம், நியூரோ-கியூ.ஓ.எல்ல நிறைய ஃபார்ம் ஏழு நாள், மைடாஸ் மூணு மாசம். பேனாவால அந்த வரிய வட்டம் போட்டுட்டு, காலண்டர எடுத்து அந்த முதல் தேதி எதுன்னு பார்த்து, அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் என்னென்ன நடந்துச்சுன்னு ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாருங்க, ஊர் போனோமா, காய்ச்சல் வந்துச்சா, மாத்திரை மாத்தினாங்களா.

நம்ம மனசு அப்படித்தான், மூணு மாசத்துல நடந்தத யோசின்னா நேத்து நடந்ததும் எல்லாத்தவிட மோசமா நடந்ததும்தான் முன்னாடி வந்து நிக்கும். நேத்து தலைவலி மண்டையப் பிளந்துச்சுன்னா மூணு மாசமும் அப்படியே இருந்த மாதிரி தோணும், ஒரு வாரமா வலி இல்லைன்னா போன மாசம் பட்ட பாடே மறந்துபோகும். அதனால மைடாஸ் மாதிரி நாள் எண்ணிக்கை கேக்கற ஃபார்முக்கு ஞாபகத்த நம்பவே நம்பாதீங்க, டைரி வேணும். பெரிய டைரி வேண்டாம், காலண்டர்ல வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, வேலைக்குப் போக முடியலைன்னா ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். வலிப்புக்கும் இதே, வந்த தேதியக் குறிங்க, தனக்கு வந்தது தனக்கே தெரியாம போறதும் உண்டு, அதனால கூட இருக்கறவங்க பார்த்ததையும் அதே காலண்டர்ல எழுதச் சொல்லுங்க.

எப்வொர்த் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். உக்காந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, கார்ல ஒரு மணி நேரம் பயணியா போகும்போதுன்னு எட்டு சூழ்நிலை குடுத்து, சமீப காலத்துல அந்த மாதிரி நேரத்துல கண்ணசந்துபோக எவ்வளவு வாய்ப்புன்னு கேக்கும், அந்த சூழ்நிலைல நீங்க சமீபத்துல இருக்கவே இல்லைன்னாலும் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சு போடச் சொல்லும். அதுல "நான் கார்லயே போகல"ன்னு காலியா விடக் கூடாது.

படி 3: எங்க உக்காந்து, எப்போ நிரப்பறீங்க

வெயிட்டிங் ஹால் இதுக்கு ஏத்த இடமே இல்ல. சத்தம், அவசரம், பேர் எப்ப கூப்பிடுவாங்களோன்னு ஒரு காது அங்கயே, பக்கத்துல யாரோ எட்டிப் பார்க்கறாங்க, அந்த நிலைமைல யாரும் உண்மைய எழுத மாட்டாங்க, ஒப்புக்கு டிக் போட்டுட்டு குடுத்துடுவாங்க. அடுத்த தடவைக்கான ஃபார்ம முன்கூட்டியே கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க, அப்பாயிண்ட்மெண்டுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி வீட்ல அமைதியா உக்காந்து நிரப்புங்க.

பார்க்கின்சன் இருக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. மாத்திரை வேலை செய்யற நேரம் ஒரு ஆள், அது இறங்கின நேரம் வேற ஒரு ஆள். மாத்திரை நல்லா வேலை செய்யும்போது ஃபார்ம நிரப்பினா உலகமே நல்லா இருக்கற மாதிரி இருக்கும், இறங்கின நேரத்துல நிரப்பினா எல்லாத்துலயும் "எப்போதும்"னு போடத் தோணும். கைல பேனா பிடிக்க வசதியா இருக்கற நேரத்துல நிரப்புங்க, ஆனா பதில் போடறது போன மாசம் முழுக்க, ரெண்டு நேரத்தையும் சேத்து யோசிச்சு. எத்தன மணிக்கு நிரப்பினோம், கடைசி மாத்திரை எத்தன மணிக்கு போட்டதுன்னு ஓரத்துல எழுதிடுங்க. அடுத்த தடவையும் அதே மாதிரி நேரத்துல நிரப்பினா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க அர்த்தம் இருக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மயஸ்தீனியா இருக்கறவங்களுக்கும் இது பொருந்தும், சாயங்காலம் ஆக ஆக உடம்பு விட்டுப்போறவங்க காலைல ஒண்ணும் சாயங்காலம் ஒண்ணும்னு மாத்தி மாத்தி நிரப்பினா மாறினது நோயா நேரமான்னு யாராலயும் சொல்ல முடியாது.

நீளமான ஃபார்ம் ஒரே மூச்சுல முடிக்கணும்னு இல்ல, அரை மணி நேரம் படுத்து எழுந்து மிச்சத்த நிரப்பலாம். அதே நாள்ல முடிச்சுடுங்க, போதும்.

படி 4: கேள்வியோட வார்த்தைய கவனிங்க

இதுதான் எல்லாத்தவிட முக்கியமான படி, அப்பா தடுக்கி விழுந்த இடமும் இதுதான்.

முதல் விஷயம், எத்தன தடவைன்னு கேக்குதா, எவ்வளவு கஷ்டம்னு கேக்குதான்னு பாருங்க. பி.டி.கியூ-39 கேக்கறது எத்தன தடவை, ஒருபோதும் இல்லைல ஆரம்பிச்சு எப்போதும் வரைக்கும். எம்.எஸ்.ஐ.எஸ்-29 கேக்கறது எவ்வளவு தொந்தரவு. மாசத்துல ஒரே ஒரு நாள் கால் தசை பிடிச்சு உயிர் போற வலி வந்துச்சுன்னா முதல் மாதிரி ஃபார்ம்ல அது "எப்பவாவது"தான், வலி பயங்கரமா இருந்துச்சுங்கறதுக்காக "அடிக்கடி"னு தூக்கிப் போடக் கூடாது. அந்த வலியோட கொடுமைய டாக்டர்கிட்ட வாயால சொல்லுங்க, இல்ல ஓரத்துல எழுதுங்க.

ரெண்டாவது, ஒருத்தர் உதவி பண்றதால தெரியாம போன கஷ்டம். பி.டி.கியூ-39ல நடமாட்டம், அன்றாட வேலை பத்தின கேள்விகளுக்கு கடைசி கட்டத்துல "எப்போதும், அல்லது செய்யவே முடியாது"ன்னு போட்டிருக்கும், அந்த ரெண்டாவது பாதிய அப்பா படிக்கவே இல்ல. பட்டன தினமும் இன்னொருத்தர் போட்டுவிடறார்னா, அவரால அது முடியாததால போட்டுவிடறார்னா, டிக் விழ வேண்டிய இடம் அந்தக் கடைசி கட்டம். எதிர்ப்பக்கம் "ஒருபோதும் இல்லை"ல விழுந்துடுச்சு, ஒவ்வொரு பதிலுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க், 4 வர வேண்டிய இடத்துல 0. வீட்ல பாசமா பண்ற ஒவ்வொரு உதவியும் இப்படி ஒரு கஷ்டத்த மூடி வெச்சிருக்கும், அதனால ஒவ்வொரு கேள்விக்கும் மனசுல சேத்துக்க வேண்டிய வரி இதுதான்: "யாரும் கூட இல்லைன்னா இத நான் பண்ணிருப்பேனா?"

மூணாவது, செய்யறதையே விட்டுட்டா வர்ற பொய்யான நிம்மதி. மாடிப்படி ஏறறத ஆறு மாசமா நிறுத்தியாச்சு, அதனால படி ஏறறதுல கஷ்டமே இல்ல. வெளில சாப்பிடப் போறதில்ல, அதனால வெளில சாப்பிடும்போது கூச்சம் வர்றதே இல்ல. இது கஷ்டம் இல்லாம இருக்கறது இல்லைங்க, கஷ்டம் வாழ்க்கையையே சுருக்கிடுச்சுன்னு அர்த்தம். சில ஃபார்ம் இத நேரடியாவே கேக்கும், பி.டி.கியூ-39ல நீங்க விரும்பறதவிட அதிகமா வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடந்தீங்களான்னு ஒரு கேள்வி இருக்கு, அந்த மாதிரி கேள்விய அலட்சியமா தாண்டிப் போகாதீங்க. நேரடியா கேக்காத ஃபார்ம்ல "இத நான் செய்யறதில்ல, காரணம் இது"ன்னு ஓரத்துல எழுதிடுங்க.

நாலாவது, எதனால. "பார்க்கின்சன் காரணமா"ன்னு கேள்வி ஆரம்பிக்கும், ஆனா முட்டி தேஞ்சதால நடக்க முடியலையா பார்க்கின்சனாலயான்னு நமக்கு எப்படித் தெரியும்? உண்மைலயே பிரிக்க முடியாது பல நேரம். தெளிவா வேற காரணம்னா, உதாரணத்துக்கு கால் எலும்பு முறிஞ்சு கட்டு போட்டிருக்கு, அந்தக் கஷ்டத்த பதில்ல சேக்க வேண்டாம். சந்தேகம்னா உங்களுக்குத் தோணறத டிக் பண்ணிட்டு பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க, பிரிச்சுப் பார்க்கறது டாக்டர் வேலை.

அப்புறம், ஒரு கேள்விகூட சும்மா காலியா விடாதீங்க. ஒண்ணு விட்டுப்போனாலும் சில ஃபார்ம்ல அந்தப் பகுதிக்கே ஸ்கோர் போட முடியாம போகும். கணவன் மனைவி ஆதரவு பத்தி பி.டி.கியூ-39ல ஒரு கேள்வி வரும், துணை இல்லாதவங்களுக்கு அங்கயே தனியா ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போட்டா மிச்ச ரெண்டு கேள்விய வெச்சு அந்தப் பகுதிக்கு கணக்கு போட்டுக்குவாங்க.

படி 5: சொல்லக் கூச்சப்படற கேள்விகள்

அவசரமா பாத்ரூம் போக வேண்டியிருக்கா, நோய வெளிய தெரியாம மறைக்கணும்னு தோணுதா, இல்லாத உருவம் தெரியுதா, வாழ்க்கைல பிடிப்பு போயிடுச்சா. பக்கத்துல மகனோ மகளோ உக்காந்திருந்தா யாரு இதுக்கெல்லாம் உண்மையா டிக் போடுவாங்க? அதனால அந்தப் பக்கங்கள அவங்கள தனியா விட்டு நிரப்ப விடுங்க, கை நடுங்கினாலும் பரவால்ல, கட்டத்துக்கு வெளில கோடு போனாலும் பரவால்ல. அப்பா அந்தப் பக்கத்த தனியா நிரப்பி மடிச்சு கவர்ல போட்டுத்தான் டாக்டர்கிட்ட குடுத்தார், உள்ள என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல.

மனச்சோர்வு பத்தி கூடுதலா ஒண்ணு சொல்லணும். பி.எச்.கியூ-9ல தூக்கம், சோர்வு, பசி, கவனம், அசைவு மெதுவாகறதுன்னு கேள்வி வரும், இதுல பலதும் பார்க்கின்சன்லயோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்லயோ நோயாலயே வர்றதுதான். நோயாலதானேன்னு நீங்களா கழிச்சுட்டு 0 போடாதீங்க, இருந்தா இருக்குன்னு போடுங்க, எத எதோட சேக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். வலிப்பு இருக்கறவங்களுக்குன்னே இந்தக் குழப்பம் குறைவா இருக்கற மாதிரி என்.டி.டி.ஐ-ஈன்னு ஆறு கேள்வி ஃபார்ம் ஒண்ணு இருக்கு.

பி.எச்.கியூ-9ல ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனா நல்லா இருக்கும்னோ தன்னைத்தானே காயப்படுத்திக்கலாம்னோ எண்ணம் வந்துச்சான்னு கேக்கும். அதுல 0, அதாவது "இல்லவே இல்லை", தவிர வேற எது போட்டாலும் அப்பாயிண்ட்மெண்ட் தேதி வரைக்கும் அந்த ஃபார்ம பைல வெச்சுட்டு இருக்காதீங்க. அன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க, நம்பற ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, அந்த எண்ணம் இப்பவே அழுத்துதுன்னா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. வீட்ல இருக்கறவங்க அந்த டிக்க தற்செயலா பார்த்துட்டா திட்டாதீங்க, பதறாதீங்க, பக்கத்துல உக்காருங்க.

படி 6: பேனா யார் கைல

எழுத முடியாதவங்களுக்கு நீங்க எழுதிக் குடுக்கறது ஒண்ணு, அவங்களுக்கு பதிலா நீங்களே பதில் சொல்றது வேற. முதல்ல சொன்னதுல நீங்க வெறும் கை. கேள்விய இருக்கற மாதிரியே படிங்க, பதில் எல்லாத்தையும் படிங்க, அவங்க சொல்றத குறிங்க. "அது அப்படி இல்லைப்பா"ன்னு நடுவுல புகாதீங்க, உங்களுக்கு வேற கருத்து இருந்தா தனித்தாள்ல எழுதி டாக்டர்கிட்ட குடுங்க. அடுத்த தடவை ஃபார்ம் வந்தப்போ பட்டன் விஷயத்துலயும் நான் அப்பாகிட்ட பண்ணது இதுதான், பதில திருத்தல, கடைசி கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு மறுபடி படிச்சுக் காட்டினேன், அவரே பேனாவ வாங்கி மாத்திப் போட்டார்.

மறதி ரொம்ப முத்திட்டவங்களுக்கோ பேச்சே போனவங்களுக்கோ நீங்கதான் பதில் சொல்லணும்னா, ஃபார்ம் மேலயே யார் நிரப்பினதுன்னு எழுதுங்க. நடக்கறது, சாப்பிடறது மாதிரி கண்ணுக்குத் தெரியறதுல நோயாளி சொல்றதும் கூட இருக்கறவங்க சொல்றதும் ஓரளவு ஒத்துப்போகும், மனசு, வலி, சோர்வுன்னு உள்ள இருக்கறதுல ஒத்துப்போறது குறைவு, பார்த்துக்கறவங்க பெரும்பாலும் உள்ளதவிட மோசமாத்தான் குறிக்கறாங்க. நம்ம கவலையும் அசதியும் அந்த டிக்குக்குள்ள வந்துடுது. அதனால ஒரு தடவை நோயாளி, அடுத்த தடவை நீங்கன்னு மாத்தாதீங்க. பக்கவாதத்தால பேச்சு பாதிச்சவங்களுக்குன்னு எஸ்.ஏ.கியூ.ஓ.எல்-39ன்னு தனியா ஒண்ணு இருக்கு, நேர்ல உக்காந்து பேட்டி மாதிரி கேக்கறது. அத தெரிஞ்ச ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைச்சா அவங்களையே கேக்கச் சொல்லுங்க.

படி 7: ஸ்கோர் எப்படி வருது

க்ளினிக்லயே போட்டுக்குவாங்க, ஆனா நீங்களும் போடத் தெரிஞ்சு வெச்சுக்கங்க, பெரிய கணக்கு இல்ல. முதல்ல திசையப் பாருங்க. பி.டி.கியூ-39, எம்.எஸ்.ஐ.எஸ்-29, டி.எச்.ஐ, ஹிட்-6 எல்லாத்துலயும் எண் ஏறினா நிலைமை மோசம். கியூ.ஓ.எல்.ஐ.ஈ-31ல எண் ஏறினா நல்லது. தசைய இயக்கற நரம்பு படிப்படியா செயலிழக்கற ஏ.எல்.எஸ்ஸுக்கான ஏ.எல்.எஸ்.எஃப்.ஆர்.எஸ்-ஆர்ல முழு மார்க் 48, இறங்க இறங்க மோசம். நியூரோ-கியூ.ஓ.எல் இன்னும் குழப்பும், ஒப்பிட எடுத்த கூட்டத்தோட சராசரிய 50ன்னு வெச்சு போடறாங்க, சோர்வுக்கு 60 வந்தா மோசம், நடமாட்டத்துக்கு 60 வந்தா நல்லது. திசை தெரியாம எண்ணப் பார்த்து சந்தோஷப்படறதோ அழறதோ வேண்டாம்.

பி.டி.கியூ-39ல ஒவ்வொரு பதிலும் 0ல இருந்து 4 வரை. அன்றாட வேலை பகுதில ஆறு கேள்வி, குளிக்கறது, உடுத்தறது, பட்டன், எழுதறது, சாப்பாட்ட வெட்டறது, சிந்தாம டம்ளர் பிடிக்கறது. ஒருத்தர் 2, 3, 4, 2, 1, 2ன்னு போட்டிருந்தா கூட்டுனா 14, அதிகபட்சம் 24, 14ஐ 24ஆல வகுத்து 100ஆல பெருக்கினா 58. இப்படி எட்டு பகுதிக்கும் தனித்தனியா வரும், எட்டோட சராசரிதான் மொத்த ஸ்கோர். நான் மொத்தத்தவிட பகுதியத்தான் பார்ப்பேன், ஏன்னா நடமாட்டம் ஏறி மனநிலை இறங்கினா மொத்தத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும்.

எம்.எஸ்.ஐ.எஸ்-29ல ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் பதில் இருக்கற பதிப்புல, உடம்பு பகுதி 20 கேள்வியோட கூட்டல்ல 20ஐக் கழிச்சு 80ஆல வகுத்து 100ஆல பெருக்கணும். கூட்டல் 52ன்னா 40 வரும். நாலு பதில் மட்டும் இருக்கற ரெண்டாவது பதிப்பும் இருக்கு, அதுல வகுக்கறது 60ஆல, உங்க கைல இருக்கறது எதுன்னு பார்த்துக்கங்க.

ஹிட்-6 வேற மாதிரி, ஒருபோதும் இல்லைக்கே 6 மார்க், அரிதா 8, சில சமயம் 10, ரொம்ப அடிக்கடி 11, எப்போதும் 13. அதனால தலைவலியே தொந்தரவு பண்ணாதவங்களுக்கும் 36 வரும், பார்த்துட்டு பயப்படாதீங்க. 49 வரைக்கும் பாதிப்பு ரொம்பக் கம்மி, 60ம் அதுக்கு மேலயும் கடுமையான பாதிப்பு.

மைடாஸ்ல அஞ்சு எண்ணையும் கூட்டினா போதும், ஆனா எண்ணறதுல கவனம் வேணும். வேலைக்கே போகாத நாள் முதல் கேள்விக்கு, போயும் பாதி வேலைகூட ஓடாத நாள் ரெண்டாவதுக்கு, முதல்ல எண்ணின நாள ரெண்டாவதுல சேக்கக் கூடாது. வீட்டு வேலைக்கும் இதே மாதிரி ரெண்டு கேள்வி. ஆனா ஒரே நாள்ல வேலைக்கும் போகல வீட்டு வேலையும் நடக்கலைன்னா அது ரெண்டு பக்கமும் வரலாம். அஞ்சாவது குடும்பம், விசேஷம், பொழுதுபோக்குன்னு போக முடியாம விட்ட நாள். 3, 5, 4, 3, 2ன்னா 17, அது மூணாவது கிரேடு. 5 வரைக்கும் முதல் கிரேடு, 10 வரைக்கும் ரெண்டாவது, 20 வரைக்கும் மூணாவது, 21ல இருந்து நாலாவது.

பி.எச்.கியூ-9ல மொத்தம் 27, அதுல 10ஐத் தொட்டா டாக்டர்கிட்ட கண்டிப்பா பேசணும். எப்வொர்த்ல 24க்கு 10ஐத் தாண்டினா பகல் தூக்கம் அளவுக்கு மீறி இருக்கு, வண்டி ஓட்டறவங்க இத தள்ளிப் போடவே கூடாது. இந்த எண் எதுவும் நோய இதுதான்னு முடிவு பண்ணிடாது, மேல விசாரிக்கணும்னு மட்டும்தான் சொல்லும்.

படி 8: போன தடவையோட ஒப்பிடறது

ஒரு ஃபார்ம தனியா பார்த்தா பாதி பயன்தான். ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ எடுத்து தேதியோட வெச்சுக்கங்க. 42 இருந்தது 44 ஆச்சுன்னா அது ஒண்ணும் இல்ல, நல்லா தூங்காத ஒரு ராத்திரி போதும் அவ்வளவு மாற. எம்.எஸ்.ஐ.எஸ்-29 உடம்பு பகுதில சுமார் 8 புள்ளி மாறினா கவனிக்கணும்னு சொல்றாங்க, பி.எச்.கியூ-9ல 5 புள்ளி. சின்ன ஏற்ற இறக்கத்துக்கு மனசு ஒடிஞ்சு போகாதீங்க.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. நோயோட வருஷக்கணக்கா வாழ்ந்தா நம்ம அளவுகோலே மாறிப்போகும். முன்னாடி "ரொம்பக் கஷ்டம்"னு போட்டது பழகி "கொஞ்சம்" ஆகிடும், உடம்பு அதேதான், இல்ல இன்னும் மோசம், ஆனா ஸ்கோர் நல்லாகிடும். ஆராய்ச்சி பண்றவங்க இதுக்குத் தனிப் பேரே வெச்சிருக்காங்க, தமிழ்ல சொன்னா பதிலோட இடப்பெயர்ச்சி. அது தப்பு இல்ல, மனுஷன் பழகிக்கறான், அதுவும் ஒரு உண்மைதான். அதனால ஸ்கோரோட கூடவே மாறாத ரெண்டு அளவு எழுதி வைங்க, எழுந்து பாத்ரூம் போய் வர எத்தன நிமிஷம், ஒரு மாசத்துல எத்தன தடவை விழுந்தார். பழைய ஃபார்மப் பார்த்துட்டு புதுசு நிரப்பாதீங்க, நிரப்பி முடிச்சப்புறம் பழச எடுங்க.

படி 9: டாக்டர் ரூமுக்குள்ள

ஃபார்ம குடுத்துட்டா அவர் படிச்சுடுவார்னு நினைக்காதீங்க, படிக்க நேரம் இருக்காது, ஃபைலுக்குள்ள போயிடும். உள்ள போன உடனே, "நல்லா இருக்கேன் டாக்டர்"னு வாய் தானா சொல்றதுக்கு முன்னாடி, ஃபார்ம கைல பிடிச்சுட்டு ரெண்டே விஷயம் சொல்லுங்க. எது போன தடவையவிட அதிகமா மாறிருக்கு, எது உங்கள அதிகமா வாட்டுது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. அந்த ரெண்டு கேள்வியையும் ஃபார்ம்ல கலர் பேனாவால கோடு போட்டு வெச்சுக்கங்க. ஒரு தடவை அப்பா கோடு போட்டது நடுக்கத்துக்கு இல்ல, பேச்சு பகுதில மத்தவங்க தன்ன கண்டுக்கறதில்லைன்னு தோணுதாங்கற கேள்விக்கு. நாங்க எல்லாம் நடுக்கத்தப் பத்தியே பேசிட்டு இருந்தோம். அன்னைக்கு டாக்டர் ஸ்பீச் தெரபிக்கு எழுதிக் குடுத்தார், பட்டனுக்கு, அன்றாட வேலைகளச் செய்யப் பயிற்சி குடுக்கற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டப் பார்க்கச் சொன்னார். பட்டன் துளைல நுழைச்சு இழுக்கற கம்பிக் கொக்கி வெச்ச ஒரு சின்ன கருவி இருக்குன்னே எங்களுக்கு அப்பத்தான் தெரியும்.

கிளம்பும்போது மூணு விஷயம் கேட்டுட்டு வாங்க, இந்த ஸ்கோர் ஃபைல்ல ஏறுதா, அடுத்த தடவையும் இதே ஃபார்ம்தானா, அத இப்பவே குடுக்க முடியுமா. குடுத்தாங்கன்னா வீட்டுக்கு வந்த உடனே அதோட மேல் ஓரத்துல நிரப்ப வேண்டிய தேதிய பென்சில்ல எழுதி காலண்டர் பக்கத்துல மாட்டி வைங்க, எங்க வீட்ல இப்ப அது புள்ளி போடற காலண்டருக்குக் கீழதான் தொங்குது.